மணி வருகுது, குரல் வரேல்லை

புனித யாகப்பர் துணை

சிமியோன் வீடு,
குருநகர்.

அன்பு மகன் ஜெனிஸ்ரனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கொம்மாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீ சுகமோ என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீ பதில் சொன்னாலும் எங்களுக்குக் கேட்கப் போவதில்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பலாமென்றால் உன் கப்பலுக்குப் படங்கள் வராது. இவ்வளவையும் போனில் குத்தி எழுதினால் நத்தார்ப் பண்டிகை வந்துவிடும். ஆகவே சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இருக்கிற உன் கம்பனி விலாசத்துக்குக் கடதாசியிலேயே போடுகிறேன்.

மகனே, கடல் வேண்டாம் என்றுதான் உன்னைக் கொம்பியூட்டர் படிப்பித்தேன். நீ படித்து முடித்துவிட்டு, கடலுக்கு அடியில் கேபிள் போடுகிற கப்பலில் ஏறி மாதக்கணக்காக நடுக்கடலில் குந்தியிருக்கிறாய். ஊர் உலகமெல்லாம் கதைக்கக் கேபிள் போடுகிறாய், பெற்ற தாயோடு கதைக்க வழியில்லை. கப்பல்காரர் வட்ஸ்அப்பில் எழுத்தை விடுவார்களாம், குரலை விடமாட்டார்களாம். அதற்கு நீ கண்ட பரிகாரம்தான், உன்னோடு வேலை செய்கிற கொலின்ஸ் லீவில் வந்தபோது கொடுத்துவிட்ட அந்தக் கறுப்புப் பெட்டி. இன்ரநெற் போன் சேர்வராம். சந்தையடியில் போன் திருத்துகிற எமில்ராஜ் வந்து அதை ரூட்டரில் கொளுவி, ஒரு மேசைப் போனையும் கொளுவினான். சொன்னபடி பின்னேரம் மணி அடித்தது. கொம்மா ஓடிவந்த வேகத்தில் கதிரை கவிழ்ந்தது. "மகன், மகன்" என்று கூப்பிட்டா. மறுபக்கத்தில் மூச்சும் இல்லை. நாங்கள் கதைத்ததெல்லாம் உனக்குத் துப்பரவாகக் கேட்டது என்று நீ பிறகு எழுதினாய். நீ கதைத்ததில் ஒரு சொல்லும் இங்கே வந்து சேரவில்லை.

மணி வருகிற வழியால் குரல் ஏன் வராது என்று எமில்ராஜைக் கேட்டேன். ரூட்டருக்குள் ஃபயர்வோல் என்று ஒரு காவல் இருக்காம், மணிக்கு ஒரு வாசலாம், குரலுக்கு வேறை வாசல்களாம், காவல் மணியை விட்டிட்டுக் குரலை மறிக்குதாம். எனக்குப் பிடிபடவில்லை. சிக்னல் காணாது என்று நினைத்து, எங்கடை பழைய வள்ளத்தின் பாய்மரத்தைக் கூரையோடு நிமிர்த்தி, ரூட்டரை உச்சியில் கட்டி ஏற்றினேன். வயர் அறுந்து அன்றைக்கு மணியும் வரேல்லை. இறக்கித் திருத்தின பிறகு கொம்மா தன்ரை பங்குக்குக் கோவிலில் ஆசீர்வதிச்ச தண்ணியைத் தெளிச்சா. அடப்ரர் புகைஞ்சுது. புது அடப்ரரோடு வந்த எமில்ராஜிட்டை, "எல்லா வாசலையும் திறந்துவிடடா" எண்டு நான் கத்தினன். திறந்துவிட்டான். அதுக்கும் உன்ரை குரல் வரேல்லை. உலகத்துக் கள்ளரெல்லாம் எங்கடை போனைத் தட்டிப் பாக்கத் தொடங்கினாங்கள். மத்தியானம் முழுக்க மணி, எடுத்தால் ஆளில்லை. கொம்மா ஒவ்வொரு மணிக்கும் ஓடிப்போய், "மகன், சாப்பிட்டியோ? உடம்பைப் பார்" எண்டு சொல்லிச் சொல்லி வைச்சா.

"மக்டலீன், இது கள்ளரப்பா."

"கள்ளரெண்டாலும் சாப்பிட வேணும்தானே."

மணி வாசலையும் குரல் வாசல்களையும் விட்டு, மற்றதையெல்லாம் திரும்ப மூடச் சொன்னேன்.

இப்ப வீட்டிலை நடக்கிறதைக் கேள். நீ எடுக்கிறது நாங்கள் செபமாலை சொல்லுற நேரம். நீ வீட்டிலை இருக்கேக்கை கொம்மா "அருள் நிறைந்த மரியே" மந்திரத்தின்ரை முன்பாதியைச் சொல்லுவா, நீயும் நானும் "தூய மரியே" எண்டு தொடங்கிற பின்பாதியைச் சொல்லுவம். இப்ப அவ போனை எல்லாருக்கும் கேக்கிறமாதிரி சத்தமாய் வைச்சிட்டு, முன்பாதியைச் சொல்லி நிப்பாட்டுறா. போனிலை ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அடுத்த முன்பாதி. செபமாலையின்ரை ஐம்பத்துமூண்டு மணிக்கும் இப்பிடித்தான்.

"எப்ப திரும்பத் தொடங்கிறதெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"அவன் ஆமென் சொன்ன பிறகுதான் தொடங்கிறன்."

சரி, நானாவது பின்பாதியைச் சொல்லுவம் எண்டு வாயைத் திறந்தன். "இஞ்சாருங்கோ, நீங்கள் பேசாமல் இருங்கோ. உங்கடை சத்தத்திலை அவன்ரை குரல் அமுங்கிப்போகும்" எண்டா. எந்தக் குரல்? கட்டின நாள் தொட்டுச் சொன்ன செபத்திலை எனக்கு இப்ப பங்கில்லை.

எனக்குத் தெரியும் மகனே, நீ ரிசீவரை மேசையிலை வைச்சிட்டுச் சாப்பிடப் போயிருப்பாய். ஆருக்கும் கேக்காதெண்டு தெரிஞ்சும் எவன் இருந்து ஒவ்வொண்டாய்ச் சொல்லுவான்? உன்னைக் குறை சொல்லேல்லை, நானெண்டாலும் போயிருப்பன். ஆனால் அவ அந்த வெறும் போனைப் பாத்துக்கொண்டு நிக்கிறதை என்னாலை பாக்கேலாது. எனக்கும் உன்ரை குரலைக் கேக்கவேணும் போலைதான் கிடக்கு. நீ முந்தி "அப்பா, காசு" எண்டு கேக்கிற குரலெண்டாலும் காணும். இதைக் கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை.

நீ கடைசியாய் எழுதினதை எமில்ராஜ் விளங்கப்படுத்தினான். எங்கடை பெட்டி உன்ரை கப்பலுக்குத் தன்ரை விலாசத்தைக் குடுக்கேக்கை, வீட்டுக்குள்ளை மட்டும் செல்லுபடியாகிற விலாசத்தைக் குடுக்குதாம். உன்ரை குரல் அதைக் கப்பலுக்குள்ளையே தேடித் திரியுதாம். இது எனக்கு உடனை விளங்கிப்போச்சு. இந்தக் கடிதத்தின்ரை தலையிலை நானும் "சிமியோன் வீடு, குருநகர்" எண்டுதானே எழுதியிருக்கிறன். இஞ்சை நாய்க்கும் வீடு தெரியும், சிங்கப்பூரிலை ஆர் காட்டுறது? வீட்டு விலாசத்துக்குப் பதிலாய் உலகத்துக்குத் தெரியிற வெளிவிலாசத்தைப் போடுறன் எண்டு எமில்ராஜ் சொல்லியிருக்கிறான். எனக்கு நம்பிக்கை இல்லை. அதுவும் சரிவராட்டில் பெட்டியைக் கரையிலை கொண்டுபோய் எறிஞ்சுபோடுவன். நீயும் இனிச் செப நேரத்துக்கு எடுக்காதை. இது அப்பாவின்ரை முடிவான சொல்லு.

உன்னையும் உன் கப்பலையும் அதன் கப்ரினையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும். கொலின்ஸுக்கு எங்கள் அன்பு. குளிர்த்தண்ணியில் தலைமுழுகாதே.

அன்பு அப்பா,
சிமியோன்

பி.கு.: ஒட்டின கடிதத்தைத் திரும்பவும் பிரிச்சு எழுதுறன். எமில்ராஜ் வந்து விலாசத்தை மாத்திப்போட்டுப் போனான். நாங்கள் ஒண்டையும் எதிர்பாக்கேல்லை. மணி அடிச்சது, கொம்மா வழக்கம்போலை முன்பாதியைச் சொல்லி நிப்பாட்டினா. போனுக்குள்ளாலை நீ "தூய மரியே" எண்டு தொடங்கினாய். சின்னனிலை சொல்லுறமாதிரியே பாதிச் சொல்லை விழுங்கி, ஓட்டமாய் ஓடி, ஆமெனிலை வந்து நிண்டாய். அவ விடுகிற இடைவெளிக்குச் சரியாய் இருந்தது. குரல் இஞ்சை வருகுதெண்டு உனக்கு இன்னும் ஆரும் சொல்லேல்லை. கேக்காதெண்டு தெரிஞ்சும் நீ ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். நீ சாப்பிடப் போயிருப்பாய் எண்டு மேலை எழுதினதை வெட்டிவிடு.

அடுத்த முன்பாதியைக் கொம்மாவாலை சொல்ல முடியேல்லை. நான் சொல்லுவம் எண்டால் எனக்கும் வாய் வரேல்லை. நீ "அம்மா? அப்பா?" எண்டு கூப்பிட்டுப் பாத்திட்டு வைச்சிட்டாய். இப்ப உன்ரை மெசேஜ் வந்திருக்கு: "அப்பா, இண்டைக்கு முதல் ஆமெனுக்குப் பிறகு உங்கடை குரலும் எனக்கு வரேல்லை. எமில்ராஜ் என்னத்தைப் பிடுங்கினவன்?"

அவன் ஒண்டையும் பிடுங்கேல்லை மகனே. நாளைக்கும் எடு.