என் இருமல் பற்றி ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பது மரியாதை, ஆகவே கேட்கிறேன். மோசமாகத்தான் இருக்கும், நீங்கள் மருத்துவர் பேச்சைக் கேட்பவர் அல்ல. சம்பந்தி ஐயாவுக்கு என் விசாரிப்பு. ஓராண்டாக என்னைப் படுத்திய காலை இருமல், புதிய மருந்தில் நேற்றோடு முற்றிலும் குணமாகிவிட்டது. இறைவனுக்கு நன்றி.

சென்ற மாதம் நான் எழுதிய கடிதத்தில், உங்கள் மகளுக்கு மனம் சரியில்லை என்பதை மறைத்துக் கல்யாணம் செய்துவைத்தீர்கள் என்றும், வந்து அழைத்துப்போய்ச் சரியானதும் கொண்டுவந்து விடுங்கள் என்றும் எழுதியிருந்தேன். பழுதான மிக்ஸியைப் பற்றிக் கடைக்காரருக்கு எழுதுவதுபோல் எழுதியிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. நீங்கள் ஒரே வரியில் பதில் போட்டீர்கள்: "ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துக்கொள்கிறோம், இனி அனுப்புவதாக இல்லை." கையெழுத்து கோணலாக இருந்தாலும் கருத்து தெளிவாக இருந்தது. அந்த ஞாயிறு வருவதற்குள் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் கூரியரில் அனுப்புகிறேன். போனில் பேசலாமே என்பீர்கள். போனில் என் குரல் எல்லோருக்கும் அதட்டலாகவே விழுகிறது.

இது மன்னிப்புக் கடிதம் அல்ல. திருத்தம். நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் ஒருவர், தவறை ரப்பரால் அழித்தால் விரல் முட்டியில் ஸ்கேலால் அடிப்பார். தவறின் மேல் ஒற்றைக் கோடு போட வேண்டும், அதற்கு மேலே சரியானதை எழுத வேண்டும், இரண்டும் படிக்கும்படி தெரிய வேண்டும். ஆகவே என் தவறை முதலில் முழுதாக எழுதுகிறேன்.

உங்கள் மகள் அலுவலகத்தில் எல்லோர் முன்னும் மூச்சு முட்டி உட்கார்ந்து, விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்த நாளிலிருந்து, எனக்கும் அவளுக்கும் நேரடிப் பேச்சு குறைந்துபோய், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சீட்டு ஒட்டிப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் ஒட்டுவாள், நான் சிவப்பு மையால் பிழை திருத்தி, மதிப்பெண் போட்டு, திரும்ப ஒட்டுவேன். இது உறவு இல்லையென்று நீங்கள் சொல்லலாம், ஆனால் ஒழுங்காக நடந்தது. இந்த நேரத்தில்தான் தினமும் காலை ஆறு பத்துக்கு, என் அறைக்கும் அவள் அறைக்கும் நடுச்சுவர் வழியாக அந்தக் குரல் கேட்க ஆரம்பித்தது. "ஜன்னல். திரை. மேசை விளக்கு. அலமாரி. கண்ணாடி." கொஞ்சம் நிறுத்தி, "போர்வை. தலையணை. தரை. சுவர்." ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. எனக்குப் புரிந்துவிட்டது. தனிக்குடித்தனம் போவதற்குச் சாமான் பட்டியல் எடுக்கிறாள். சுவரையும் தரையையும் எப்படி எடுத்துப் போவாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குத் தர்க்கம் இரண்டாம் பட்சம்.

மகனிடம் சொன்னேன். "உன் பொண்டாட்டி வீட்டுச் சாமானுக்கு லிஸ்ட் எடுக்கிறாடா."

"இருக்காதும்மா."

"தினமும் ஆறு பத்துக்கு எடுக்கிறா!"

"வண்டியைத் துடைச்சுட்டு வந்துடறேம்மா."

உங்கள் மாப்பிள்ளையின் சுபாவம் உங்களுக்கே தெரியும். வீட்டில் இரண்டு பெண்களின் குரல் உயர்ந்தால் அவன் கீழே போய் வண்டி துடைப்பான். எங்கள் வண்டி பளபளவென்று இருந்தால், வீட்டில் சண்டை என்று தெருவுக்கே தெரியும். இப்போதெல்லாம் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

நான் சும்மா இருப்பேனா? ஒவ்வொரு பொருளின் அடியிலும் "இது என் கணவர் வாங்கியது" என்று சீட்டு ஒட்டினேன். விளக்கின் அடியில் ஒட்டிய மறுநாள் காலை சுவருக்கு அப்பாலிருந்து, "மேசை விளக்கு. மாமா வாங்கினது" என்று குரல் வந்தது. நக்கல் செய்கிறாள் என்று கொதித்துப்போனேன். அதற்கும் மறுநாள்தான் சுவரில் காதை வைத்து மிச்சத்தையும் கேட்டேன். "கடிகாரம்" என்றாள். "குழாய் சொட்டறது" என்றாள். நான் இருமினேன். "அத்தை இருமல்" என்றாள். என்னையும் சாமானோடு சேர்த்துவிட்டாளே என்று, பல் துலக்காமலே உட்கார்ந்து உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

இனி, கோட்டுக்கு மேலே எழுத வேண்டியது.

செவ்வாய்க்கிழமை எனக்குக் கண் பரிசோதனை. மகனுக்கு வேலை. மூன்று வாரமாக வாசற்படி தாண்டாத உங்கள் மகள், கூட்டம் என்றாலே முகம் வெளுக்கிற பெண், "நான் கூட்டிட்டுப் போறேன் அத்தை" என்றாள். யார் யாரைக் கூட்டிப்போவது என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு. கண் மருத்துவமனையில் நாற்பது பேர். விண்ணப்பத்தை அவள் நிரப்பினாள், நான் திருத்தினேன். நர்ஸ் வந்து சொட்டு மருந்து விட்டு, "கொஞ்ச நேரம் மங்கலா இருக்கும்மா" என்று போனாள். அவள் சொன்னது கொஞ்சம். நடந்தது வேறு. விளக்குகள் பஞ்சாயின, முகங்கள் கரைந்தன, கையில் இருந்த டோக்கன் சீட்டு வெறும் வெள்ளையாயிற்று. சம்பந்தியம்மா, என் கணவர் மறைந்த அன்றுகூட வந்தவர்களுக்கு நாற்காலியை வரிசையாகப் போட்டது நான்தான். பயம் என்பதை அதுவரை பிறரிடம் மட்டுமே பார்த்திருக்கிறேன். அன்று அது என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தது. மூச்சு பாதியில் நின்றது. விரலெல்லாம் மரத்தது. எழுந்து நின்று, நாற்பது பேருக்கும் கேட்கும்படி, "நான் செத்துக்கொண்டிருக்கிறேன். பதினேழாம் எண்ணை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று அறிவித்தேன்.

ஒரு கை என் கையைப் பிடித்து உட்காரவைத்தது.

"சாகலை அத்தை. இது வரும், போயிடும். எனக்குத் தெரியும்."

"உனக்கு என்னடி தெரியும்?"

"இதுல நான் உங்களுக்கு சீனியர் அத்தை. கண்ணுக்குத் தெரியறதுல அஞ்சு பொருள் சொல்லுங்க."

"ஒண்ணும் தெரியலன்னுதானே கத்தறேன்!"

"சரி, விடுங்க. நாலு பொருள் தொட்டுச் சொல்லுங்க."

"நாற்காலிக் கை."

"ம்."

"என் பை. உன் கை, ஜில்லுனு இருக்கு. அப்புறம் இது... என்னது இது, உருண்டையா?"

"என் முழங்காலுங்கம்மா" என்றது பக்கத்தில் ஒரு ஆண் குரல்.

"ஐயையோ, மன்னிச்சுக்கோங்க."

"பரவாயில்லைங்க. நாலுக்கு ஒண்ணு குறையுதுன்னா வெச்சுக்கோங்க."

"மூணு சத்தம் சொல்லுங்க அத்தை."

மின்விசிறி, நர்ஸின் செருப்பு, அந்த முழங்காலுக்கு உரியவரின் சிரிப்பு. ரெண்டு வாசனை என்றாள்: ஸ்பிரிட், அவள் தலையின் சோப்பு. ஒரு ருசி என்றாள். தொண்டையில் கசப்பு. "கண்ணுல விட்டது தொண்டைக்கு இறங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்றாள். அவள் சொல்லி முடிக்கும்போது நான் முழு மூச்சு விட்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், என் கை நடுக்கம் நின்றுவிட்டது, அவள் கைதான் நடுங்குகிறது.

"உனக்கு எதுக்கு நடுங்குது?"

"எனக்கும் வந்துடுச்சு அத்தை, உள்ளே நுழையும்போதே. நீங்க சொல்லச் சொல்ல நானும் மனசுக்குள்ள சொல்லிட்டிருந்தேன்."

நீந்தத் தெரியாமல் தத்தளிக்கும் ஒருத்தி, இன்னொருத்தியைத் தோளில் போட்டுக் கரையேற்றி, ஈரத்தை வெளியே காட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். "காலையில ஆறு பத்துக்கு இதுதானா?"

"ஆமா, பயம் வந்தா மனசைப் பிடிச்சு நிறுத்த டாக்டர் போன்ல சொல்லிக்கொடுத்த பயிற்சி. முழிச்சதும்தான் ரொம்ப மோசமா இருக்கும் அத்தை."

"அதுல என் இருமல் எதுக்கு?"

"மூணு சத்தம் வேணுமே. கடிகாரம் எப்பவும் இருக்கு, குழாய் எப்பவும் சொட்டுது. மூணாவது, ஒரு ஆள் சத்தமா இருந்தா நல்லாருக்கும். உங்க இருமல் ஒரு நாளும் என்னை ஏமாத்தினதில்ல."

எழுபத்து மூன்று வயதில் நான் எதற்கும் எளிதில் வியப்பவள் அல்ல. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் தினமும் பல் துலக்குவதற்கு முன்பே ஒரு மலை ஏறி இறங்குகிறாள். இறங்கி வந்து தட்டு வைத்து, துணி மடித்து, "அத்தை, மாத்திரை போடவும்" என்று சீட்டு எழுதி ஒட்டுகிறாள். அதற்கு நான் சிவப்பு மையில் பத்துக்கு ஆறு போட்டேன். ஆசிரியையாக இருந்த காலத்தில் எத்தனையோ மதிப்பெண் போட்டிருக்கிறேன், அந்த ஆறைப்போல என்னைச் சுடுவது எதுவும் இல்லை.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், விருந்தாளியாக வாருங்கள். அழைத்துப்போவது பற்றி அவளிடமே கேட்டேன், முடிவு அவளுடையதுதானே. "புதன்கிழமை டாக்டர் இருக்கு, நான் எங்கேயும் போகலை. அம்மா வந்து நாலு நாள் இருக்கட்டும்" என்றாள். நானும் இருக்கட்டும் என்கிறேன். சீட்டுகளை எல்லாம் உரித்துவிட்டேன். விளக்கில் ஒட்டியதை மட்டும் அவள் உரிக்க விடவில்லை.

உங்கள் இல்லத்தில் எல்லோரும் நல்ல தூக்கமும் நல்ல மூச்சுமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்திருக்கிறேன், கசங்கலைப் பொறுத்துக்கொள்ளவும். இன்று காலை ஆறு பத்துக்கு விழித்தேன். இருமல் வரவில்லை, நல்ல மருந்துதான். சுவருக்கு அப்பால் ஐந்து முடிந்தது, நாலு முடிந்தது. "கடிகாரம்" என்றாள். "குழாய்" என்றாள். அப்புறம் சத்தமே இல்லை. நானும் பொறுத்துப் பார்த்தேன். அவளும் பொறுத்துப் பார்த்தாள். வராத இருமலை வரவழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருமிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இருமினேன். "அத்தை இருமல்" என்றாள். ஆகவே, இது மன்னிப்புக் கடிதம் அல்ல என்று மேலே எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். முதல் பத்தியில் குணமாகிவிட்டது என்று எழுதியதையும் அடித்திருக்கிறேன். எனக்கு இருமல் இருக்கிறது, தினமும் ஆறு பத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை வரும்போது அவளிடம் உளறிவிடாதீர்கள்.