மாற வேண்டியவர்

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஒரு காலில் காலுறையை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"என்னங்க, இப்படியே இருந்தா சரிப்படாதுன்னு தோணுது. மாறணும். மனநல ஆலோசகரைப் பாக்கறது நல்லதா, இல்ல லைஃப் கோச்சிங் போறது நல்லதா? ஒரு வாரமா இதே யோசனை. ஏன்னா..."

"புரியுது," என்று கையைத் தூக்கினார். "விசாரிச்சுச் சொல்றேன்."

புரிந்தது மட்டுமல்ல, சுருக்கென்றும் தைத்தது. இருபத்தாறு வருட சர்வீஸ். அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் ஒன்றுகூட நடுவழியில் நின்றதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரை மாறச் சொல்கிறாள். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை அவளுக்கு. முதலாளி "இதையும் பாத்துடும்மா" என்றால் மறுக்கத் தெரியாமல் கட்டுக்கட்டாக வீட்டுக்குச் சுமந்து வருவாள். காகிதத்தில் பிழை தேடித் தேடிக் கடைசியில் புருஷனிடமே தேட ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளைக் கேட்டார். "அப்பாகிட்ட என்னம்மா குறை?"

மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பஸ்சுக்கு நேரமாச்சு. ஒண்ணு மட்டும் சொல்றேன். யாராவது பேச ஆரம்பிச்சா, பாதியிலயே நீங்க..."

"முடிச்சுடறேன். சரி, அதைக் கவனிக்கறேன்."

மகள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் கோபப்படவில்லை. குறை என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அதை முறைப்படி பரிசோதிப்பதுதான் அவர் பிழைப்பு. ஆலோசகர், கோச் இரண்டையும் நேரில் பார்த்து, எது உறுதியானது என்று தீர்மானித்துவிட்டு மனைவி முன் நிமிர்ந்து நிற்பது என்று முடிவு செய்தார்.

ஆலோசகரின் அறை நான்காவது மாடியில். கீழே லிஃப்டில் ஏறியவர் இரண்டாவது மாடிக்குள் மூன்று சத்தங்களைக் கேட்டுவிட்டார். அதில் ஒன்று அவருக்குப் பிடிக்கவில்லை. இறங்கி, மொட்டைமாடி அறைக்குப் போய் இரும்பு வடத்தைப் பார்த்தார். இழை பிரிந்திருந்தது. அங்கேயே லிஃப்டை நிறுத்தி, கதவில் தாளை ஒட்டி, கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அரைமணி நேரத்தில் கீழே ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவருக்கு மூட்டுவலி. ஒருவருக்கு மாடிப்படி என்றாலே பயம். அதற்காகத்தான் அவர் ஆலோசகரிடம் வந்துகொண்டிருந்தார். கடைசியில் ஆலோசகரே இறங்கி வந்து, வந்தவர்களை ஒவ்வொருவராகப் படிக்கட்டின் கீழ் உட்காரவைத்துப் பேசினார். இன்ஸ்பெக்டரின் முறை வந்தது.

"உங்களுக்கு என்ன தொந்தரவு?"

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. தொந்தரவு மனைவிக்கு. தொந்தரவே நான்தான்."

"அவங்க சரியா என்ன வார்த்தை சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா? யாரு..."

"எல்லாம் ஞாபகம் இருக்கு. அதைப் பேசித் தீத்துடலாம்."

ஆலோசகர் அம்மாள் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். "மனசுல பழைய வலி இருந்தா என்கிட்ட வரலாம். போகவேண்டிய இடம் தெரிஞ்சு, போற வழிதான் வேணும்னா கோச் போதும். அடுத்த வாரமும் வாங்க. அதுக்குள்ள லிஃப்டும் ஓடட்டும்."

வலியா, வழியா? இன்ஸ்பெக்டருக்கு இரண்டும் இருப்பதுபோலவும் இருந்தது, இரண்டும் இல்லாததுபோலவும் இருந்தது. அதனால் மறுநாள் கோச்சிடம் போனார். நல்லவேளையாக அது தரைத்தளம்.

கோச் இளைஞர். நாற்காலியில் உட்காராமல் நடந்துகொண்டே பேசினார். "உங்க இலக்கு என்ன சார்?"

"குறுக்க பேசக் கூடாது."

"பிரமாதம். யாரு எது கேட்டாலும் மனசுக்குள்ள பத்து எண்ணிட்டுத்தான் பதில் சொல்லணும். ஒரு வாரம் செஞ்சு பாருங்க. படிவமெல்லாம் பிடிச்சிருந்தா அப்புறம் நிரப்பலாம்."

இன்ஸ்பெக்டர் செய்தார். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர். ஒரு புதுக் கட்டடத்தில் சோதனை ஓட்டம். லிஃப்டை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்த மெக்கானிக், "சார், நிறுத்தட்டுமா?" என்றார். ஏழு எண்ணும்போது லிஃப்ட் அடிப்பள்ளத்திலிருந்த ஸ்பிரிங்கில் போய் உட்கார்ந்துகொண்டது. "நிறுத்து," என்றார் பத்தில்.

வீட்டிலும் அதே கதை. "செவ்வாய், வெள்ளி கொஞ்சம் தாமதமா வருவேன், பரவாயில்லையா?" என்று மனைவி கேட்டாள். அவர் எண்ணி முடித்துப் "பரவாயில்ல," என்றபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனையைத் தாண்டியிருந்தாள். நான் மாறுவதற்கு இடம் விட்டு ஒதுங்கிப் போகிறாள், எவ்வளவு நாசூக்கு என்று அவருக்கு மனம் நெகிழ்ந்தது.

ஸ்பிரிங் விஷயத்தை ஆலோசகரிடம் சொன்னார். "எண்ணிக்கையை விடுங்க. எதிர்ல இருக்கறவங்களுக்கு எப்படி இருக்குன்னு கேளுங்க," என்றார் அவர். அடுத்த நாளே இன்ஸ்பெக்டர், புகார் கொடுத்திருந்த ஒரு கட்டட உரிமையாளரிடம், "லிஃப்ட் நின்னப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டார். மனிதர் லிஃப்டில் தொடங்கி, தம்பி பேசாமல் போனது வரை ஒன்றரை மணி நேரம் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குப் பார்க்கவேண்டிய மற்ற மூன்று கட்டடங்கள் அப்படியே நின்றன. மேலதிகாரி விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். அதற்குப் பதில் எழுதுவது எப்படி என்று கேட்கக் கோச்சிடம் போனார். இப்படித் திங்கள்கிழமை கோச், புதன்கிழமை ஆலோசகர் என்று மூன்று மாதம் ஓடியது.

ஆனால் பலன் இருந்தது. அதை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

முதலில் காகிதக் கட்டுகள் வீட்டுக்கு வருவது நின்றது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடமிருந்து போன் வந்தது. "இன்னிக்கு முடியாதுங்க. நாளைக்கு வேலை நேரத்துல பாக்கறேன்," என்று மனைவி குரல் உயர்த்தாமல் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்று அவரைக் கேட்கவே இல்லை. வாங்கி மாட்டியே விட்டாள். நல்ல நிறம்தான். போன வாரம் அச்சகத்தில் அவளைப் பிரிவுத் தலைவியாக்கிவிட்டார்கள். அதற்கும் அவளேதான் போய்க் கேட்டாளாம்.

இன்ஸ்பெக்டருக்கு நெஞ்சு விரிந்தது. அலுவலகத்தில் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார். "வீட்டுல ஒரே ஒரு ஆள் மாறினா போதும். மத்தவங்க தானா மாறிடுவாங்க. என் மனைவியைப் பாருங்க. நான் மூணு மாசம் உழைச்சேன், அவ பிரிவுத் தலைவி ஆயிட்டா."

மெக்கானிக் மட்டும், "அக்கா கெட்டிக்காரங்க சார்," என்றார்.

"வளந்த சூழ்நிலை அப்படி," என்றார் இன்ஸ்பெக்டர், எண்ணாமலே.

அன்று சாயங்காலமே தீர்மானத்துக்கு வந்தார். ஆலோசகரிடம் போய் நன்றி சொன்னார். தனக்குப் பழைய வலி எதுவும் இல்லை என்று உறுதியாகிவிட்டதால் கோச்சிங்தான் சரி என்று விளக்கினார். அந்த அம்மாள் "சந்தோஷம்," என்று மட்டும் சொல்லி லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினார்.

கோச்சின் அலுவலகத்தில் வரவேற்பு மேசைப் பெண் படிவத்தை நீட்டினாள். இத்தனை நாள் பழக்கத்தில் அவர் அந்தப் படிவத்தைத் தொட்டதே இல்லை. பெயர், வயது, முகவரி என்று அச்சடித்த எழுத்துப்போல நிரப்பினார். 'சேரக் காரணம்' என்ற இடத்தில், 'மனைவியின் வேண்டுகோள்' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

"பெருமைக்குச் சொல்லலம்மா," என்றார் அவளிடம். "ஆலோசகரா, கோச்சான்னு மனைவி ஒரு கேள்வி கேட்டா. அவளுக்காக மூணு மாசம் ஆராய்ஞ்சு பதிலைக் கண்டுபிடிச்சுட்டேன். இன்னிக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போறேன்."

அந்தப் பெண் படிவத்திலிருந்த முகவரியை ஒருமுறை பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த பதிவேட்டைத் திருப்பி அதையும் பார்த்தாள்.

"சொல்லுங்க சார், சந்தோஷப்படுவாங்க. ஆனா அவங்க இங்கயே செவ்வாய், வெள்ளி வகுப்புல சேந்து, போன வாரமே சான்றிதழ் வாங்கிட்டாங்களே. 'நான் மாறணும், எனக்கு எது சரின்னு வீட்டுல கேட்டேன், என்னைப் பேசி முடிக்கவே விடல, அதனால நானே முடிவு பண்ணிட்டேன்'னு முதல் நாளே சொன்னாங்க."