துருசடியில் கீழே போன குமிழி

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நன்றாகப் படித்தவனிடம் ஒரு குளத்தை ஒப்படைக்கவே கூடாது. ஒப்படைத்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆள் நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம். தர்மபுரத்துக்குப் பக்கத்துக் குளமொன்றுக்கு, தண்ணீர் திறந்து மூடும் ஓவசியராக வந்து மூன்று மாதம். காக்கிக் காற்சட்டை, வெயில் தொப்பி, வாய் நிறைய அதிகாரம். வாய்க்காலின் கடைசியில் வயல் செய்த கந்தையரின் மகள் தங்கத்தை எனக்குப் பேசி முற்றாக்கியிருந்தார்கள். நாள் வைப்பது மட்டும்தான் மிச்சம். (பெண்ணை ஒரேயொரு தரம், அதுவும் முதுகுப் பக்கமாகத்தான் கண்டிருந்தேன். நல்ல முதுகு.)

கோடையில் விதைக்கும் சிறுபோகம். நெருப்பு வெயில். ஒரு காலை குளத்து மதகை, அதாவது துருசை, திறந்துவிட்டு, தண்ணீர் சீறிக்கொண்டு வாய்க்காலில் விழுவதைப் பார்த்தபடி நின்றேன். காற்று இலேசு, ஆகவே குமிழி உருண்டையாக இருக்கும், நேரே மேலே வரும். இதுதான் நான் படித்தது. இங்கே ஒரு குமிழி ரொட்டி மாதிரித் தட்டையாகி, இரண்டாய்ப் பிய்ந்து, இரண்டு துண்டும் கீழே போயின. கீழே! அடுத்ததும் கீழே. இன்னொன்று மேலே வருமாப்போல வந்து, யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது. காற்றைக் கீழே இழுப்பது எது? அடியில் ஓட்டை! குளக்கட்டு உடையப் போகிறது!

துருசை இறுக்கி மூடிவிட்டு, வவுனியா எஞ்சினியருக்குத் தந்தி அடித்தேன்.

மத்தியானம் கந்தையர் சைக்கிளில் பறந்து வந்தார்.

"தம்பி, ஏன் தண்ணியை மறிச்சனீர்?"

"குளக்கட்டு உடையப் போகுது ஐயா."

"ஆர் சொன்னது?"

"குமிழி."

அவர் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். "பயிர் குடலையிலை, கதிர் வாற பருவத்திலை நிக்குது. இப்ப தண்ணி இல்லாட்டி எல்லாம் பதராப் போகும், தெரியுமோ?"

"நெல்லோ பெரிசு, உயிரோ பெரிசு?" என்றேன் நான். (அந்த வாயை என்ன செய்தால் தகும்?)

எஞ்சினியரின் ஜீப் வந்து சேர நாலு நாளாயிற்று. அதற்குள் கந்தையரின் வயல் பாளம் பாளமாய் வெடித்துவிட்டது. எஞ்சினியர் துருசைத் திறப்பித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுற்றி நின்ற கமக்காரர் ஒருவரும் சிரிக்கவில்லை.

மண்ணில் தடியால் கீறி விளக்கினார். "குமிழி தன்ரை பாட்டிலை மேலை வரப் பாக்கும். ஓடுற தண்ணி முன்னுக்கு இழுக்கும். சுழி கீழை இழுக்கும். எல்லாம் சேந்து அதைப் பிசைஞ்சு போடும். விளங்குதோ?"

"அப்ப கடைசியிலை அது எங்காலை போகும், சேர்?"

அவர் தடியைக் கீழே போட்டார். "அது எனக்கும் தெரியாது."

"குமிழி எங்கையும் போகட்டும் ஐயா, எங்கடை நெல்லு எங்கை போறது?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் போகம் கந்தையருக்குப் பாதி பதர். வெட்கத்தால் செத்துப் பிழைத்து, அவர் வீட்டுக்குப் போனேன். "ஐயா, இந்தச் சம்பந்தம் வேண்டாமெண்டால் சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

"வேண்டாமெண்டுதான் இருந்தனான்," என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "இவள்தான் விடமாட்டன் எண்டு நிக்கிறாள்."

குசினிக்குள்ளிருந்து, முதல் முறையாக, தங்கத்தின் குரல் கேட்டது. "ஒரு குமிழிக்கே இவ்வளவு பயப்பிடுற மனிசன், எனக்கும் பயந்துதானே அப்பா நடப்பார்?"

ஆவணியில் தாலி கட்டினேன். இன்றைக்கும் தைப்பொங்கலன்று பானையில் பால் நுரைத்து எழும்பும்போது, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லோரும் வெடி கொளுத்துவதை விட்டுவிட்டு என்னைத்தான் பார்ப்பார்கள். "இஞ்சருங்கோ, கட்டு உடையப் போகுது, தள்ளி நில்லுங்கோ!" என்று தங்கம் கத்துவாள்.

நானும் உடனே தள்ளி நின்றுவிடுவேன்.