குயிலுக்குத் தொண்டை கட்டியது

"இது குயில் குரலா, காக்கா குரலா?" என்று மேலாளர் கேட்டபோது குயிலின் முகம் சுண்டிப் போனது.

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள் அவள். இனிய குரலுக்காக யாரோ வைத்த பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதில், சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. அந்தக் குரல்தான் இப்போது தகரத்தைத் தேய்ப்பதுபோல வெளியே கேட்கிறதாம். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவளுக்கு அது தெரியவா போகிறது?

"தொண்டையைச் சரி பண்ணுங்கம்மா. இல்லேன்னா காணாமப்போன சாமான் அறைக்கு மாத்திடுவேன். குடைங்களோட பேசிக்கிட்டிருக்கலாம்."

வீட்டுக்கு வந்து புலம்பினாள்.

"எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்றார் கணவர்.

"நான் சொல்றதை நீங்க என்னிக்குக் கேட்டிருக்கீங்க?"

அவர் அதோடு வாயைத் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சர்தான் வழி சொன்னாள். "அதிமதுரம் மெல்லுங்க. தொண்டையில தேன் ஒழுகும்."

"அதிகமானா ஒண்ணும் ஆகாதே?"

"வெறும் வேர்தானே, என்ன பண்ணிடப் போகுது?"

குயில் குச்சி குச்சியாக மென்றாள். புகார் நிற்கவில்லை. ஃபிளாஸ்க்கில் கஷாயம் போட்டு எடுத்துப்போனாள், புகார் கூடியது. பொடியைத் தேநீரில் கலந்தாள், மிட்டாயாகவும் வாங்கி வாயில் அடக்கிக்கொண்டாள். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் அதிமதுரம் மணக்கப் பேசினாள்.

தலை விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கியது. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுத்ததால், கணவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அவர் கோயிலுக்குக்கூடப் போகாத மனிதர். அன்று தெருவில் வெறுங்காலோடு நடந்ததைப் பார்த்து ஊரே அவருக்குப் பக்தி முற்றிவிட்டதாக முடிவுகட்டியது.

ஒருநாள் மைக் முன்னால் கண் இருட்ட, வடக்கே போகிற வண்டியைத் தெற்கே போவதாகச் சொல்லிவிட்டாள். ஒரு கால்பந்து அணி முழுதும் அதில் ஏறிப்போய், பந்தயமே இல்லாத ஊரில் பந்தோடு இறங்கியது.

மேலாளர் அவளை நேராக டாக்டரிடம் அனுப்பினார்.

"பிரஷர் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. உப்பைக் குறைங்க, காப்பியை விடுங்க" என்று மாத்திரை எழுதினார் டாக்டர்.

குயில் சொன்ன பேச்சைக் கேட்டாள். குழம்பில் உப்பில்லை. கணவர் ஒவ்வொரு கவளத்தையும் தண்டனைபோல விழுங்கினார். காப்பிக்குப் பதிலாக இன்னும் இரண்டு டம்ளர் அதிமதுரக் கஷாயம் உள்ளே போனது.

அடுத்த முறை பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. கூட வந்திருந்த கணவரை டாக்டர் சந்தேகமாகப் பார்த்தார்.

"வீட்டுல ஏதாவது சண்டையா?"

"நான் பேசுறதையே விட்டுட்டேன் சார்."

"அதான் அவங்களுக்கு டென்ஷன். பேசுங்க."

அவர் பேசினார். உப்பில்லாத குழம்பைப் பற்றித்தான் பேசினார். குயிலின் தலைவலி இரட்டிப்பானது.

மூன்றாம் முறை டாக்டர் பிரஷர் பார்க்கும் பட்டையை அவள் கையில் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, அவள் பழக்கதோஷத்தில் ஒரு குச்சியை எடுத்து வாயில் வைத்தாள்.

"என்னம்மா மெல்றீங்க?"

"அதிமதுரம் டாக்டர். காலையில குச்சி, மத்தியானம் கஷாயம், சாயந்திரம் மிட்டாய்."

டாக்டர் காற்றடிப்பதை நிறுத்தினார். "இது உடம்புல உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வச்சுக்கும்மா. பொட்டாசியத்தை வெளியே தள்ளிடும். பிரஷர் ஏறுறதும் கால் வீங்குறதும் அதனாலதான். இப்படியே போயிருந்தா இதயத் துடிப்பே தாறுமாறாயிருக்கும். உடனே நிறுத்துங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு, லீவு போட்டு ஓய்வெடுங்க."

நிறுத்தினாள். வீக்கம் வடிந்தது, பிரஷர் மெல்ல இறங்கியது, செருப்பு உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் விடுப்பு முடிந்து நிலையத்துக்குள் நுழைந்தவளின் கால் தானாகக் காணாமப்போன சாமான் அறைப் பக்கம் திரும்பியது. தொண்டைக்கு ஆதரவாக இருந்த ஒரே வேரும் போய்விட்டதே. இனி குடைகள்தான் கதி.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. அவளுக்குப் பதிலாக வந்த புதுப் பெண்ணின் குரல். தகரத்தைத் தேய்த்ததுபோலத்தான் இருந்தது.

பாவம், சின்ன வயசிலேயே இந்தக் கதி என்று பதறிக் கண்ணாடி அறைக்கு ஓடினாள். "வாங்கக்கா" என்று அந்தப் பெண் வீணை மீட்டியதுபோல வரவேற்றாள். குயில் திகைத்து நின்றாள்.

மேசைக்கடியிலிருந்து ஸ்க்ரூடிரைவரோடு தலைநீட்டிய எலெக்ட்ரீஷியன் சொன்னான்:

"உங்க ரெண்டு பேர் தொண்டைக்கும் ஒண்ணுமில்லம்மா. மைக்குக்குத்தான் தொண்டை கட்டியிருக்கு."