ஓடைக்குள் அப்பாவின் நாற்காலி

மரியாதைக்குரிய அண்ணனுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அவளும் நலம். சமையலறையின் பின்சுவர் மட்டும் நலமில்லை. அங்கே அனைவரும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். நீங்கள் பதில் போட்டுப் பல வருடமாயிற்று.

பாகம் பிரித்தபோது ஓடைக்கு அந்தக் கரை வீடு உங்களுக்கு, இந்தக் கரை வீடு எனக்கு. அப்பாவின் சாய்வு நாற்காலியும் உங்களுக்கே. நாற்காலியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகுமுன் உங்கள் கரையில் கருங்கல் சுவர் ஒன்று எழுப்பினீர்களே, தண்ணீர் அதில் மோதி இந்தப் பக்கம் திரும்பி என் துவைகல்லைத் தின்றது, குளியலறையைத் தின்றது, இப்போது சமையலறைக்கு வாய் பிளந்து நிற்கிறது. கரையைச் சீர்செய்ய ஆட்கள் வந்து, செங்குத்தான மண்ணைச் சரிவாக வெட்டி, நார்ப்பாய் விரித்து, வேர்பிடிக்கும் கிளைகளை நட்டார்கள். மறுநாள் காலை பார்த்தால் ஓடைக்குள் அப்பாவின் நாற்காலி. என் வீட்டைப் பார்த்தபடி. சொட்டு ஈரமில்லை. உங்கள் வீட்டுப் பூட்டோ துருப்பிடித்துத் தொங்குகிறது. நாற்காலியைத் தூக்கிப்போய் உங்கள் வாசலில் வைத்தோம். அடுத்த நாள் மறுபடியும் ஓடையில், இன்னும் கொஞ்சம் கிட்டே. வேலையாட்கள் முதலில் அதில் துண்டு காயப்போட்டார்கள். இப்போது அதற்கு முதுகைக் காட்டி வேலை செய்வதே இல்லை.

“இத்தனை வருஷமா நாற்காலி நாற்காலின்னு பொலம்பினீங்களே, அதுவே நடந்து வந்திருக்கு. தூக்கி உள்ள போடுங்க” என்கிறாள் என் மனைவி.

“அண்ணன் தன் கையால கொடுக்கட்டும்.”

“அதுக்குள்ள என் அடுப்பு ஓடையில போயிடும்.”

வேலையைப் பார்க்க வந்த பொறியாளர் அம்மாவும் நாற்காலிப் பக்கம் திரும்பாமலே சொல்லிவிட்டார்: “அந்தச் சுவரை உடைக்காம இங்க என்ன நட்டாலும் வீண் சார். சொந்தக்காரர் வந்து நிக்கணும்.”

ஆகவே ஞாயிறன்று வாருங்கள். சுவரை உடைக்கச் சொல்லுங்கள், நாற்காலி எப்படி வருகிறது என்று விளக்குங்கள், முடிந்தால் மன்னிப்பும் கேளுங்கள்.

அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

இப்படிக்கு,
இன்றுவரை வீட்டுக்குள் இருக்கும் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது அடுப்படியிலிருந்து அவள் கூப்பிட்டாள். “என்னங்க, உங்க அண்ணன் வந்துட்டாரு. நாற்காலில உக்காந்திருக்காரு. காப்பி போடவா?” ஜன்னல் வழியே நானும் பார்த்தேன். நீங்களேதான், பாகம் பிரிக்க வந்த அதே சட்டை. பாதங்கள் ஓடையில் இருக்கின்றன. தண்ணீர் அவற்றைச் சுற்றிப் போகவில்லை, ஊடே போகிறது. “கொடுக்கத்தான்டா வந்தேன்” என்றீர்கள். இதை எந்த முகவரிக்கு அனுப்புவதென்று தெரியவில்லை. பழைய முகவரிக்கே போடுகிறேன். உங்கள் கையில் கிடைத்தால் வர வேண்டாம், அண்ணா. சுவர் அப்படியே நிற்கட்டும். ஒரு வரி பதில் மட்டும் போடுங்கள்.