அவசரம் தைத்த போர்வை

தாயின் வயிற்றுக்குள்ளேயே பொறுமை இழந்துவிட்ட ஒரு மனிதரை எனக்குத் தெரியும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். ஏழாம் மாதத்திலேயே பிறந்தவர். "உள்ளயே உக்காந்துக்கினு இன்னா பண்றது? அதான் வந்துட்டேன்" என்று அவரே சொல்வார். வீட்டில் வைத்தது ஏதோ ஒரு சாமி பெயர். ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரால் அவரை அழைத்ததில்லை. ஊருக்கு அவர் அவசரம். அவர் கடை, அவசரம் பூத்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை. ஆனால் தறிக்குழியில் இறங்கிய முதல் வாரமே மிதித்த மிதியில் பாவு நூலெல்லாம் அறுந்து, அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "நீ வெளிய போயி எது வேணா பண்ணுப்பா" என்று ஏற்றிவிட்டாராம். அதன் பிறகு பல தொழில் பார்த்து, கடைசியில் தொலைபேசிக்கு வந்து சேர்ந்தார். ஆட்கள் நேரம் போவது தெரியாமல் பேசினால்தான் பிழைப்பு ஓடும் என்கிற தொழிலுக்கு இப்படி ஒரு மனிதர்!

கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் போனைக் கையில் எடுத்தால் இவருக்கு இருப்புக்கொள்ளாது. கூண்டைச் சுற்றி வந்து கண்ணாடியைத் தட்டுவார். சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரைப் பார்ப்பார். உள்ளே இருப்பவர் "அப்புறம்..." என்று இழுத்தால் போதும், கதவு திறக்கும்.

"அப்புறம்னு இழுத்தா விஷயம் தீந்துபோச்சுன்னு அர்த்தம். வெச்சிடுப்பா."

அவர் மனைவி தனம் தலையில் அடித்துக்கொள்வார். "ஊர்ல பூத் வெச்சவன்லாம் பேசு பேசுன்றான். இந்தாளு வெய்யி வெய்யின்னு வெரட்டிக்கினு இருக்குது."

நான் அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து, பூத்துக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தேன். அம்மாவோடு பேச வேண்டுமென்றால் அவசரத்திடம்தான் போக வேண்டும். நான் பேசி முடித்து வெளியே வருவதற்குள் என் அம்மா சொன்னதற்கு இவர் பதில் கண்டுபிடித்து வைத்திருப்பார். "கொழம்புல புளி தூக்கலா இருந்தா கொஞ்சம் வெல்லம் போட சொல்லுங்க டைப்பிஸ்ட்டம்மா. இதுக்குப் போயி எஸ்.டி.டி.யா?"

பெருமாள் புறப்பாட்டுக்காகத் தெருவே வாசலில் கோலம் போட்டுக் காத்திருந்தால், இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிரே போய், சுவாமியை நாலு தெரு தள்ளியே சேவித்துவிட்டுத் திரும்பி வருவார். "பாத்துட்டேன். நல்லா இருக்காரு. வந்துக்கினுதான் இருக்காரு" என்று எங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்.

இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் நெஞ்சு வலித்தது. சைக்கிள் மிதித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பதிலிருந்து மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். டாக்டர் திகைத்துப்போய், இது எச்சரிக்கை மணிதான், ஆனால் அடுத்தது மணியோடு நிற்காது என்றார். ஒரு மாதம் படுக்கை. சைக்கிளைத் தொடக்கூடாது, படபடக்கக்கூடாது.

"சாப்புடலாமா சார்?"

"சாப்பிடலாம். ஆனா மெதுவா."

"அதுக்குப் பட்டினியே கெடக்கலாம்" என்றார் அவசரம்.

பூத்தைத் தனம் ஏற்றுக்கொண்டார். பூத்துக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. கண் பார்வையில் இருக்கட்டும் என்று கட்டிலை முன்னறையில் போட்டார். அதுதான் தப்பாகப் போனது. கட்டிலுக்கும் போன் கூண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பிளைவுட் பலகை. கூண்டுக்குள் பேசும் ஒவ்வொரு சொல்லும் படுத்திருப்பவர் காதில் விழுந்தது.

ஒருநாள் ஒருவர் தன் மைத்துனரிடம் சுற்றி வளைத்து என்னவோ பேசிக்கொண்டிருந்தார். பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "பொண்ணு புடிக்கலன்னு பட்டுனு சொல்லிடுப்பா!" அந்த மனிதர் போனைக் கீழே போட்டுவிட்டார். வேறொரு நாள் ஒரு அம்மாள் கூண்டிலிருந்து அலறிக்கொண்டே ஓடி வந்தார், சுவர் பேசுகிறது என்று.

தனம் மாடியேறி என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "இந்தாளு எழுந்து ஓடி உயிர விட்டுடுவாரு, இல்லன்னா நான் பூத்த மூடணும். ஒக்காந்த எடத்துல செய்யறாப்பல ஏதாவது சொல்லுங்கம்மா."

வழி அவர்கள் வீட்டுப் பரண் மேலேயே இருந்தது. பேண்ட், சட்டைத் துணி கம்பெனியின் விற்பனையாளர் ஒருவர் எதிரே லாட்ஜில் தங்கும்போதெல்லாம் பூத்துக்கு வருவார். காலாவதியான சாம்பிள் ஆல்பங்களைத் தனத்திடம் கொடுத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு ஆல்பத்திலும் ஏராளமான சதுரத் துண்டுகள். உள்ளங்கை அகலம், எல்லாம் ஒரே அளவு, ஓரம் ரம்பப் பல் போல வெட்டியிருக்கும். பள்ளிக்கூடக் கைத்தொழில் வகுப்பில் ஒட்டுத்துணிப் போர்வை தைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. வெட்டும் வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. தைப்பதுதான் பாக்கி.

"துண்டுக்குத் துண்டு சேத்துத் தெச்சா ஒரு வரிசை. வரிசைக்கு வரிசை சேத்துத் தெச்சா போர்வை. அவ்வளவுதான்" என்றேன்.

"இவ்ளோதானா? சாயங்காலம் முடிச்சுடறேன்" என்றார் அவசரம்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். தையல் ஒவ்வொன்றும் ஒரு ஜாண். நூல் முனையில் முடிச்சு இல்லை. தூக்கிப் பிடித்ததும் துண்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒன்று மட்டும் உதிரவில்லை. அதைத் தன் லுங்கியோடு சேர்த்துத் தைத்திருந்தார்.

பிரித்தோம். மறுபடி தைத்தார். தைக்கும்போது இரண்டு துண்டின் நல்ல பக்கமும் உள்ளே இருக்க வேண்டும் என்றால் ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் இருக்கும். துணி நிறங்களோ சாம்பல், காப்பி, கருநீலம், மறுபடி சாம்பல். "இன்னாம்மா இது, தாலுக்கா ஆபீஸ் மாதிரி இருக்குது" என்று துண்டுகளை வீசியெறிந்தார். படுக்கவும் முடியாமல் எழவும் முடியாமல் கட்டிலில் கால்களை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் செல்வியின் குரல் அவர் காதில் விழுந்தது.

செல்வி இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். சொந்த ஊர் தென்னேரி. அங்கே பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டு அம்மாவோடு பேசுவாள். நான் பார்த்திருக்கிறேன், உயரமான, கலகலப்பான பெண். அவசரம் படுத்த பிறகுதான் பூத்துக்கு வர ஆரம்பித்தாள் என்பதால் அவர் அவளைப் பார்த்ததே இல்லை. பலகை வழியாகக் கேட்டதோடு சரி.

"டெல்லில பெரிய ஆஸ்பத்திரிம்மா. வெள்ளிக்கிழமை ரயிலு. மத்தியானமே இங்கேர்ந்து சென்னை பஸ் ஏறிடுவேன். குளுரத்தான் செய்யும், அதுக்கு இன்னா? மொத மாசம் சம்பளம் வந்ததும் கம்பளி வாங்கிக்கறேன். அதுவரைக்கும் உன் பொடவை ரெண்டு இருக்குது இல்ல, சுத்திக்கினா போச்சு. எனக்கு ஒண்ணும் பயம் இல்லம்மா." சிரித்துக்கொண்டே போனை வைத்தாளாம். வைத்த பிறகு கூண்டுக்குள்ளேயே நின்று, சத்தம் வராமல் அழுதாளாம்.

அந்த அழுகையும் பலகையைத் தாண்டி வந்துவிட்டது.

மறுநாள் நான் போனபோது வீசியெறிந்த துண்டுகள் தரையில் வரிசையாகப் பரப்பப்பட்டிருந்தன. சட்டைத் துணி ஆல்பத்திலிருந்து சிவப்புக் கட்டம் போட்ட துண்டுகளை எடுத்து நடுநடுவே வைத்திருந்தார். "வயசுப் பொண்ணு. வெறும் சாம்பல் கலர்ல குடுத்தா நல்லாருக்குமா?" என்றார். ஊசியில் நூல் கோத்து முனையில் முடிச்சும் போட்டிருந்தார்.

ஆனால் வெள்ளிக்கிழமைக்கு ஒரு கை போதாது. அதனால் பூத்துக்கு வந்து வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஊசி கொடுக்கப்பட்டது. துபாய்க்குப் பேச வந்தவர், மாப்பிள்ளை வீட்டுக்குப் பேச வந்தவர், பட்டுக்கடை கணக்குப்பிள்ளை, எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து சதுரம் சேர்த்தார்கள். "சும்மாதான நிக்கற? ரெண்டு துண்டு தெய்யி" என்று உள்ளேயிருந்து உத்தரவு வந்தபடி இருந்தது. ஒருவருக்குக் கூண்டு காலியான பிறகும் போக மனமில்லை. "இந்த வரிசைய முடிச்சுட்டு வரேன்" என்றார்.

எதிரே இஸ்திரி வண்டிக்காரர் பின்பக்கம் நீட்டியிருந்த தையல் ஓரங்களை மடித்துத் தேய்த்துக் கொடுத்தார். ஒரு வரிசையின் ஓரங்களை இடப்பக்கமும் அடுத்ததின் ஓரங்களை வலப்பக்கமும் மடித்துத் தேய்த்தால்தான் மூலைகள் பொருந்தும் என்று நான் சொல்லிவிட்டேன். அவசரம் அதை அவருக்கு நாள் முழுக்க ஜன்னல் வழியாகக் கத்திச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படியும் மூலைகள் பாதிக்குப் பாதிதான் பொருந்தின. அடியில் தனத்தின் பழைய நூல் புடவை, நடுவில் ஒரு பழைய கம்பளி, மேலே சதுரங்கள். மூன்றும் விலகாமல் இருக்க, சதுரங்கள் கூடும் இடமெல்லாம் மூன்றுக்கும் குத்தி ஒரு முடிச்சு. அதற்குத் தறியில் மிஞ்சிய பட்டு நூலைப் பக்கத்து வீட்டார் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்னும் ஒரு ஓரம் முடிச்சுப் போடாமல் இருந்தது. நான் அரை நாள் விடுப்பில் வந்திருந்தேன். தனமும் நானும் அடுப்படியில் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கட்டில் காலி. போர்வையும் இல்லை. சைக்கிளும் இல்லை.

தனம் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், கூண்டுக்குள் இருந்தவர் தானாகவே போனை வைத்துவிட்டார். ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தோம். "உயிரோட இருந்தா நானே கொன்னுடறேன்" என்று வழி முழுக்க அழுதுகொண்டே வந்தார்.

சென்னை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் வாயில் விசிலோடு நின்றார். முன்பக்கப் படியில் உட்கார்ந்து அவசரம் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா அவசரம், இன்னிக்கு அவசரமே இல்லாம உக்காந்துக்கினு இருக்க? வண்டிய எடுக்கணும்பா" என்றார் டிரைவர். அவரும் பூத்துக்கு வருகிறவர்தான்.

"இருப்பா, இன்னும் ரெண்டே ரெண்டு முடிச்சு."

பஸ்ஸே கத்தியது. கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்து, "இங்க செல்வி யாரும்மா?" என்றார். ஜன்னலோரம் இருந்த பெண் திரும்பினாள்.

"இந்தா. டெல்லில குளுரும் இல்ல, அதுக்குத்தான். ஒண்ணுக்கும் பயப்படாத. தனியா நின்னு அழுதுக்கினு இருக்காத."

செல்வியின் முகம் மாறியது. "யாரு நீங்க? நான் அழுதது உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"நான் பூத்காரன்மா. பலகைக்கு அந்தாண்ட..."

"என் போன ஒட்டுக்கேட்டீங்களா? எங்கம்மாகிட்ட பேசுனதையா? இன்னும் இன்னான்னா கேட்டீங்க?" அவள் எழுந்து நின்றாள். மொத்த பஸ்ஸும் பார்த்தது. "எனக்கு ஒண்ணும் வேணாம். கீழ எறங்குங்க."

அவசரம் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டார். போர்வையை மடித்துக்கொண்டு இறங்கினார். பஸ் போய்விட்டது.

திட்டுவதற்காகக் கையை ஓங்கிக்கொண்டு போன தனம், பாதியிலேயே நின்றார். அவசரம் எங்களை நோக்கி ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வந்தார்.

"மெதுவா நடக்கறாரும்மா" என்று என் கையைப் பிடித்தார் தனம். "நேரா டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போயிடலாம்."

டாக்டர் பார்த்துவிட்டு, இதயம் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்ததும் அவசரம் கட்டிலைத் தூக்கிப் பின்கட்டில் போடச் சொன்னார். மாதம் முடிந்து மறுபடி பூத்தில் உட்கார்ந்தபோதும் கண்ணாடியைத் தட்டவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். ஆட்கள் மணிக்கணக்கில் பேசினார்கள். வியாபாரம் கூடியது. தனத்துக்குத்தான் தாங்கவில்லை. "நல்லாதான் ஓடுது. ஆனா எனக்கு வேணாம்மா இந்தப் பொழப்பு. அந்தாளு பழையபடி கத்தணும்."

டிசம்பர் கடைசியில் ஒரு காலை, நான் பெஞ்சில் காத்திருந்தபோது பூத்துக்கு ஒரு அழைப்பு வந்தது. எடுத்த தனம், சட்டென்று ரிசீவரைக் கணவரிடம் நீட்டினார். அந்தப் பக்கத்துக் குரல் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"அண்ணா, செல்வி பேசறேன், டெல்லிலேர்ந்து. அன்னிக்கு எல்லாருக்கும் எதிர்ல கத்திட்டேன்..."

"கத்துனது கரெக்ட்டும்மா. நான் கேட்டதுதான் தப்பு. இப்பலாம் ரேடியோ போட்டுக்கினுதான் உக்காந்துக்கினு இருக்கேன்."

அந்தப் பக்கம் அவள் சிரித்துவிட்டாள். பிறகு, "அண்ணா, அந்தப் போர்வை இன்னும் இருக்குதா? இங்க தாங்க முடியல" என்றாள்.

"இன்னிக்கே அனுப்பிடறேன்!" போனை டக்கென்று வைத்துவிட்டு உள்ளே ஓடினார். போர்வையைச் சுருட்டி, சாக்கில் கட்டி, ஊசியால் தைத்து, மேலே எழுதப் பேனாவை எடுத்தார். அப்படியே நின்றார்.

"அட்ரஸ் கேக்கலியே" என்றார்.

தனம் சிரித்த சிரிப்பு இஸ்திரி வண்டி வரைக்கும் கேட்டது. அன்று முழுக்க யாரையும் போன் பக்கம் நெருங்கவிடவில்லை அவசரம். மறுநாள் அவளே கூப்பிட்டாள். முகவரியை இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு, பார்சலைத் தானே தபால் ஆபீசுக்கு எடுத்துப்போனார். திரும்பி வந்ததும் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே இருந்தவர் முகம் சுளித்தார். தனம் ரேடியோவை அணைத்தார்.

அதற்கு அடுத்த வருடம் எனக்குச் சொந்த ஊருக்கே மாற்றல் வந்தது. வீட்டுக்கு போன் வாங்கினோம். முதல் அழைப்பைக் காஞ்சிபுரத்துக்குப் போட்டேன். "இன்னா விஷயம் டைப்பிஸ்ட்டம்மா, சீக்கிரம் சொல்லுங்க, காசு ஓடுது" என்றார். விஷயம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் பல வருடங்கள், விஷயம் ஒன்றும் இல்லாமல்தான் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.