நாவல் பட்டை வைத்தியம்

காலை ஆறு மணி. சுவரில் மூன்றாவது வெடிப்பு. அதைப் பார்த்தும் பாராததுபோல் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், தெருவே ‘கஷாயம்’ என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற தபால்காரர்.

“ஏங்க, போன வாரம் இதுல விரல் நுழைஞ்சுது. இப்போ கத்தரிக்கோலே பிடியோட நுழையுது” என்றாள் மனைவி. அவள் தையல்காரி. தையல் மெஷின் அந்தச் சுவரடியில்தான் இருந்தது. முன்னறைக்கு மாற்றலாமென்றால், அங்கே கஷாயத்தின் ஜாடிகள்.

சுவருக்கு வெளியே நாவல் மரம். வேர் அஸ்திவாரத்துக்குள் புகுந்துவிட்டது. அடுத்த மழைக்காலத்தைச் சுவர் தாங்காது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார்.

“வெட்டிடலாங்க.”

“வாயக் கழுவு! கொட்டை சர்க்கரைக்கு. பட்டை வாய்ப்புண்ணுக்கும் வயித்துப்போக்குக்கும். கட்டையத் தொட்டியில போட்டா தண்ணி பாசி பிடிக்காது. சுவர் போனா கட்டிக்கலாம். மரம் போனா?”

“நான் போனா?”

அவர் யோசித்தார். யோசித்ததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் ஆளே மாறிவிட்டாள். துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம், “வாய்ப்புண்ணா? எங்க வீட்டுக்காரர் கைராசிக்காரர்” என்றாள். வாசலில் கூட்டம் கூடியது. முதலில் வந்தவள் எதிர்வீட்டு லாரி டிரைவரின் மனைவி.

“அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு வாய் பூரா புண்ணு. திட்டக்கூட முடியல.”

“நல்லதுதானே?”

“நான் திட்டினா பதில் பேச ஆள் வேணாமா அண்ணே?”

கஷாயம் கத்தியோடு மரத்தடிக்குப் போனார். மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

“இந்த வயசுல மேல ஏறாதீங்க, இடுப்பு உயரத்துலயே எடுங்க. உரிச்ச இடத்துக்குப் பக்கத்துலயே உரிச்சுக்கிட்டு வாங்க, பார்க்க அழகா இருக்கும். ஆழமா விடுங்க, உள்பட்டையிலதானே சத்து?”

கல்யாணமாகி முதல் தடவையாக அவள் தன் வைத்தியத்தை மதிக்கிறாள் என்று அவர் குளிர்ந்துபோனார். ஆள் வர வர, பட்டை உரிந்த இடம் அரைஞாண் மாதிரி மரத்தைச் சுற்றி வந்து ஒன்றுகூடியது.

சில மாதங்களில் இலை கருகியது. கஷாயம் வேரில் கஷாயம் ஊற்றினார். மரம் அதையும் குடித்துவிட்டுக் காய்ந்தது. கடைசியில் மரவாடிக்காரரைக் கூட்டிவந்தார்.

“யாருய்யா இந்தப் பாதகத்தப் பண்ணினது? ஒரு பக்கமா உரிச்சிருந்தா பிழைச்சிருக்கும். சுத்தி உரிச்சா வேருக்குச் சோறே இறங்காதே! இனிமே வெட்டாம விட்டா வீட்டு மேலதான் சாயும்.”

கஷாயம் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“நீதானே பக்கத்துலயே உரிக்கச் சொன்னே?”

“நான் வெறும் தையல்காரி. வைத்தியர் நீங்கதானே?”

மரத்தை வெட்டினார்கள். கொத்தனார் வேரைத் தோண்டியெடுத்து வெடிப்பை அடைத்தார். அக்டோபர் 14ஆம் தேதி முதல் பெருமழை பெய்தது. சுவர் நின்றது. அதனடியில் அவள் தைத்துக்கொண்டிருந்தாள்.